வட ஆற்காட்டுச் சாராயக்கடைகள்

வட ஆற்காட்டுச் சாராயக்கடைகள் என்பவை முன்னைய வட ஆற்காடு மாவட்டத்தில், குறிப்பாகப் பாலாற்றுப் பகுதியில் அமைந்த வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தில், அரசு உரிமம் பெற்று நாட்டுச் சாராயத்தைச் சில்லறையாக விற்ற கடைகள் ஆகும். கூலித் தொழிலாளர்கள் மாலையில் கூடும் இடமாகவும், அரசுக்கு வருவாய் தரும் நிறுவனமாகவும், குடும்பங்களின் வறுமைக்குக் காரணம் எனக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த இடமாகவும் இவை ஒரே வேளையில் விளங்கின. 1939 முதல் 1991 வரையிலான காலத்தில் இக்கடைகள் பலமுறை மூடப்பட்டுப் பலமுறை திறக்கப்பட்டன. இன்று தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற சாராயக்கடையோ கள்ளுக்கடையோ இல்லை. அவற்றின் இடத்தைத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் (டாஸ்மாக்) மதுக்கடைகளும் அவற்றுடன் இணைந்த மதுக்கூடங்களும் பிடித்துள்ளன.

சொற்கள்

பனை, தென்னை, ஈச்சை ஆகிய மரங்களின் பாளையிலிருந்தோ தண்டிலிருந்தோ இறக்கப்படும் சாறு தானாகப் புளித்து மதுவாவது கள் எனப்படும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவி, புளிக்காமல் இறக்கப்படும் சாறு பதநீர் எனப்படும். வெல்லம் போன்ற இனிப்புப் பொருள்களைப் புளிக்கவைத்து, பின்னர் காய்ச்சி வடித்தெடுப்பது சாராயம் ஆகும். கள்ளில் உள்ள மதுவின் அளவு குறைவு. சாராயத்தில் அது பல மடங்கு அதிகம். இவ்வேறுபாட்டின் காரணமாகவே இரண்டுக்கும் தனித்தனி உரிமங்களும் தனித்தனிக் கடைகளும் இருந்தன.

தெலுங்கில் "சாரா" என்றும், கன்னடத்தில் "சாராயி" என்றும் இதே சொல் வழங்குகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய வாணியம்பாடிப் பகுதியில் இவ்வடிவங்கள் யாவும் பழக்கத்தில் உள்ளவை. மது வரியைக் குறிக்கும் "ஆப்காரி" என்பது பாரசீகச் சொல்லாகும். கலால் துறை என்ற பெயர் வழக்கூன்றிய பின்னும் பழைய ஆவணங்களிலும் முதியோர் பேச்சிலும் ஆப்காரி என்ற சொல்லே நின்றது.

பழந்தமிழ் இலக்கியத்தில் மதுவகைகள் கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு எனப் பல பெயர்களில் குறிக்கப்படுகின்றன. மது விற்கும் இடங்களில் அடையாளக் கொடி கட்டப்பட்டிருந்ததைப் பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கூறுகின்றன. திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை ஆகும். எனவே மதுக்கடையும் மதுவிற்கு எதிரான குரலும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகவே உடன் வாழ்ந்து வருகின்றன எனலாம்.

பட்டைச் சாராயம்

வட ஆற்காடு, சேலம் ஆகிய மாவட்டங்களில் காய்ச்சப்பட்ட நாட்டுச் சாராயத்துக்குப் பட்டைச் சாராயம் என்ற பெயர் உண்டு. வெல்லக் கரைசலுடன் வெள்வேல மரத்தின் பட்டையைச் சேர்த்து ஊறவைத்துக் காய்ச்சுவதால் இப்பெயர் ஏற்பட்டது. இப்பட்டையில் துவர்ப்புப் பொருள் மிகுதியாக உள்ளது. அது கரைசலிலுள்ள புரதப் பொருள்களை வீழ்படியச் செய்கிறது. தோலைப் பதப்படுத்துவதும் இதே துவர்ப்புப் பொருள் தான். ஆவாரம் பட்டை, வேலம் பட்டை முதலியவற்றின் துவர்ப்புப் பொருள் தோலிலுள்ள புரதத்துடன் இணைந்து, அதனை அழுகாத பதனிட்ட தோலாக மாற்றுகிறது. பட்டையும் சுண்ணாம்பும் இவ்வட்டாரத்தின் தோல் தொழில், மதுத் தொழில் இரண்டுக்கும் பொதுவான பொருள்களாக இருந்தன: தோலில் உள்ள மயிரை நீக்கச் சுண்ணாம்புக் குழியும், பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்புப் பூச்சும் பயன்பட்டன.

சட்டப்படி இயங்கிய கடைகளில் விற்கப்பட்டது ஊரில் காய்ச்சிய சாராயம் அன்று. அது உரிமம் பெற்ற வடிசாலைகளில் தயாரிக்கப்பட்டு, கலால் வரி செலுத்தப்பட்ட பின் கடைக்கு வந்தது. வீட்டிலும் மலையடிவாரத்திலும் திருட்டுத்தனமாகக் காய்ச்சப்பட்டதே கள்ளச்சாராயம் எனப்பட்டது. ஆனால் பட்டைச் சாராயம் என்னும் பெயர் பேச்சு வழக்கில் பின்னதையே மிகுதியும் குறிக்கலாயிற்று.

ஆப்காரி முறை

பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் ஒரு வட்டம் அல்லது மாவட்டம் முழுவதற்குமான மது உற்பத்தி, விற்பனை உரிமைகள் ஒருங்கே குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைதாரர் அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, தம் விருப்பம்போல் கடைகளை நடத்தினார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறை மாற்றியமைக்கப்பட்டது. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் இம்மாற்றங்களுக்குச் சட்ட வடிவம் அளித்தது. அதன்படி அரசுக்கு மூன்று வழிகளில் வருவாய் கிடைத்தது.

- வடிசாலையிலிருந்து வெளியேறும் சாராயத்தின் அளவிற்கேற்பக் கலால் வரி.
- கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி. வரி செலுத்திய மரங்களுக்கு அடையாளமாக எண் இடப்பட்டது.
- ஒவ்வொரு கடையையும் ஆண்டுதோறும் ஏலத்தில் விட்டுப் பெறும் வாடகை.

இம்மூன்றில் ஏலமே மக்கள் வாழ்வில் மிகவும் வெளிப்படையாகத் தெரிந்தது. கடையை ஏலம் எடுத்தவர் ஓராண்டுக்குள் முதலை மீட்டு ஆதாயமும் காண வேண்டியிருந்தது. ஆகவே விற்பனையைப் பெருக்குவதும், கடன் கொடுத்துக் குடிக்க வைப்பதும், சாராயத்தில் தண்ணீர் கலப்பதும் அம்முறையிலேயே உள்ளடங்கிய தீமைகளாக இருந்தன. ஏலத்தில் போட்டியைத் தவிர்க்கக் குத்தகைதாரர்கள் தமக்குள் கூட்டுச் சேர்வதும் வழக்கம். மறுபுறம், பக்கத்துக் கள்ளச்சாராயம் தம் விற்பனையைக் கெடுக்கும் என்பதால் குத்தகைதாரர்களே அதைப் பற்றி அதிகாரிகளுக்குத் துப்புக் கொடுத்ததும் உண்டு.

கடையின் அமைப்பும் நடைமுறையும்

சாராயக்கடை பெரும்பாலும் ஓலைக் கொட்டகையாகவோ, ஓடு வேய்ந்த ஒற்றை அறைக் கட்டடமாகவோ இருந்தது. விற்பவர் ஒரு மரத்தடுப்பு அல்லது கம்பி அழியின் பின்னால் அமர்ந்திருப்பார். கடையின் எண், உரிமம் பெற்றவர் பெயர் ஆகியவை எழுதிய பலகை வெளியே தொங்கும். வாங்குபவர் காசை உள்ளே நீட்டி, அளவைக் குவளையில் சாராயத்தைப் பெற்று, பெரும்பாலும் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியேறுவார். இதனால் சாராயக்கடையில் ஒருவர் செலவிடும் நேரம் மிகக் குறைவு.

கள்ளுக்கடையின் இயல்பு இதற்கு மாறானது. கள் மொந்தையில் வழங்கப்பட்டது. அதன் போதை மெல்ல ஏறுவது, வயிற்றையும் நிரப்புவது. ஆகவே கள்ளுக்கடையில் உட்கார்ந்து பேசுவதும், பாடுவதும், சண்டையிடுவதும் வழக்கமாயின. தோப்பை ஒட்டி அமைந்த கடைகளில் காலையில் இறக்கிய கள்ளும் மாலையில் இறக்கிய கள்ளும் தனித்தனியே விற்கப்பட்டன. பாலாற்றுப் பகுதியில் தென்னங்கள், பனங்கள் ஆகியவற்றுடன் ஈச்சங்கள்ளும் பெயர் பெற்றது.

கடையைச் சுற்றி ஒரு சிறு சந்தையே அமைந்திருந்தது. சுண்டல், வேர்க்கடலை, அவித்த முட்டை, கருவாடு, ஊறுகாய், குடல் வறுவல், மாட்டுக்கறி வறுவல் ஆகியவற்றைக் கூடையிலும் அடுப்பிலும் வைத்து விற்றவர்களுள் பெண்கள் பலர் இருந்தனர். கடை மூடப்பட்டபோது இவர்களது பிழைப்பும் உடன் மறைந்தது. மதுவிலக்கு பற்றிய விவாதங்களில் கள் இறக்குவோரின் வேலையிழப்பு பேசப்பட்ட அளவிற்கு இப்பெண்களின் நிலை பேசப்பட்டதில்லை.

சிற்றூர்க் கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனி இடமும் தனிக் கலமும் ஒதுக்கும் வழக்கம் காணப்பட்டது. தொழிலாளர்கள் திரளாக வாழ்ந்த நகரக் கடைகளில் இக்கட்டுப்பாடு தளர்ந்தே இருந்தது.

வாணியம்பாடியும் தோல் தொழிலும்

வாணியம்பாடி பாலாற்றின் கரையில், சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் இருப்புப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் அமைந்த நகரம் ஆகும். 19-ஆம் நூற்றாண்டு முதல் இங்குத் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. நகரின் மக்கள்தொகையில் இசுலாமியர் பெரும்பகுதியினர். தோல் வணிகமும் பதனிடும் ஆலைகளின் உடைமையும் பெரிதும் அவர்களிடம் இருந்தன. ஆலைகளில் சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் இறங்கி வேலை செய்தோருள் பெரும்பாலோர் சுற்றுப்புற ஊர்களைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட மக்கள் ஆவர்.

இதனால் வாணியம்பாடியில் மதுக்கடையின் நிலை பிற ஊர்களிலிருந்து சற்று வேறுபட்டது. இசுலாம் மதுவை விலக்கிய சமயம் ஆகும். தொழிலை நடத்துவோரின் சமயம் விலக்கிய பொருளை, அத்தொழிலில் ஈடுபட்ட தொழிலாளரை நம்பி நடந்த கடைகள் விற்றன. ஈரத்தோலின் நாற்றமும், சுண்ணாம்பின் எரிச்சலும், நாள் முழுவதும் நீரில் நிற்கும் உடல்வலியும் குடியை நாடச் செய்தன எனத் தொழிலாளர் தரப்பில் கூறப்படுவது உண்டு. ஆனால் கூலி கைக்கு வரும் நாளில் அதில் ஒரு பங்கு வீட்டுக்கு வருமுன்பே கடைக்குச் சென்றதும், பாத்திரம் பண்டங்கள் அடகுக்குச் சென்றதும் அதே குடும்பங்களின் பட்டறிவு ஆகும். வேலையின் கடுமையைக் குறைக்காமல் கடையை மட்டும் மூடுவது பயன் தருமா என்பதும், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு குடும்பங்களைக் காப்பது இயலுமா என்பதும் இன்றளவும் தீராத கேள்விகளாக உள்ளன.

மதுவிலக்கு இயக்கம்

1920-களில் காங்கிரசின் ஒத்துழையாமை இயக்கம் கள்ளுக்கடை மறியலை ஒரு போராட்ட வடிவமாகக் கைக்கொண்டது. 1921-இல் ஈரோட்டில் நடந்த மறியலில் ஈ. வெ. இராமசாமியின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். ஈ. வெ. இரா. தமது தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டச் செய்தார். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய சி. இராசகோபாலாச்சாரி (இராசாசி) மதுவிலக்கைத் தமது முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். மதுவிலக்குப் பரப்புரைக்கென்றே அவர் நடத்திய விமோசனம் என்னும் இதழில் கல்கி துணை ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

1937-இல் இராசாசி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் சென்னை மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 அக்டோபர் 1 அன்று வட ஆற்காட்டுக்கும் அது விரிவாக்கப்பட்டது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. பின்னர் நெடுங்காலம் மாநிலங்களின் நிதிக்கு அடிப்படையாக அமைந்திருந்த விற்பனை வரி, தமிழ்நாட்டில் மதுக்கடையை மூடியதன் விளைவாகத் தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

வாணியம்பாடி அடங்கிய திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோதே அது வட ஆற்காட்டுடன் சேர்க்கப்பட்டது. இம்மாற்றம் நிகழாதிருந்தால் வாணியம்பாடியின் கடைகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டிருக்கும். மேலும், வட ஆற்காட்டில் கடைகள் மூடப்பட்ட அதே மாத இறுதியில், இந்தியாவைக் கேட்காமல் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்துக் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. எனவே இம்மாவட்டத்தில் மதுவிலக்கு அதனைக் கொண்டுவந்த அரசின் கீழ் ஒரு மாதமே நடந்தது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. கடைகள் மீண்டும் திறந்தன.

1946 முதல் மதுவிலக்கு படிப்படியாக மீண்டும் கொண்டுவரப்பட்டு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவும் மதுவிலக்கை அரசுக்கு வழிகாட்டும் கொள்கைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அடுத்த 23 ஆண்டுகள் தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற சாராயக்கடை இல்லை.

மீண்டும் திறப்பும் மூடலும்

1971-இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு மாநிலத்தின் நிதி நிலையைக் காரணம் காட்டி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு மட்டுமே நடுவண் அரசு மானியம் தர முன்வந்ததையும், ஏற்கெனவே அதனை நடைமுறைப்படுத்தி வந்த தமிழ்நாட்டிற்கு அது மறுக்கப்பட்டதையும் அரசு சுட்டிக்காட்டியது. முதுமையிலிருந்த இராசாசி முதலமைச்சரை நேரில் சந்தித்து இம்முடிவைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார். எனினும் கடைகள் திறக்கப்பட்டன. ஒரு தலைமுறை சட்டப்படியான மதுக்கடையையே காணாமல் வளர்ந்திருந்த நிலையில் இது நிகழ்ந்தது.

அதன் பின்னர் நடந்தவற்றைக் கீழ்க்கண்டவாறு தொகுக்கலாம்.

- 1973: கள்ளுக்கடைகள் மூடப்பட்டன.
- 1974: சாராயக்கடைகள் மூடப்பட்டு மதுவிலக்கு மீண்டும் வந்தது.
- 1981: எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மீண்டும் திறக்கப்பட்டன.
- 1983: அயல்நாட்டு வகை மதுவின் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது.
- 1987 சனவரி 1: கள், சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. அயல்நாட்டு வகை மதுவின் விற்பனை தொடர்ந்தது.
- 1990: மலிவு விலை மது என்ற பெயரில் சாராயம் மீண்டும் விற்கப்பட்டது.
- 1991 சூலை: செ. ஜெயலலிதா அரசு மலிவு விலை மதுவை நிறுத்தியது.
- 2003 நவம்பர்: அயல்நாட்டு வகை மதுவின் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் ஏற்றது.

1980-களின் சாராயக் குத்தகையில் பெரும்பொருள் ஈட்டிய சிலர் பின்னர் அரசியலிலும் தனியார் கல்வித் துறையிலும் நுழைந்தனர். 1987-ஆம் ஆண்டின் தடை கள்ளையும் சாராயத்தையும் மட்டும் நீக்கியதால், குடிப்பவர் அவற்றினும் விலை கூடிய பிராந்தி, ரம் ஆகியவற்றுக்கு மாற நேர்ந்தது. சாராயக்கடை என்ற சொல்லின் இடத்தை "பிராந்திக்கடை", "ஒயின்ஷாப்" ஆகிய சொற்கள் பிடித்தன.

எல்லையும் கள்ளச்சாராயமும்

வாணியம்பாடியின் மேற்கிலும் வடக்கிலும் ஆந்திர மாநில எல்லை மிக அண்மையில் உள்ளது. எல்லையை ஒட்டிய மலைக்காடுகளும், தெற்கே உள்ள சவ்வாது மலையும் கள்ளச்சாராயம் காய்ச்சுவோருக்கு மறைவிடங்களாக இருந்து வருகின்றன. மலையடிவாரத்தில் ஓடும் ஓடைகள் நீர் தருகின்றன. காடு விறகும் பட்டையும் தருகிறது. காவலர் நெருங்கினால் அடுத்த மாநிலத்துக்குள் நுழைந்துவிட முடிகிறது. மண்ணில் புதைத்த கலன்களில் ஊறும் கரைசல் "ஊறல்" எனப்படும். காவல்துறையினர் மலையேறி ஊறலை அழித்தனர் என்ற செய்தி இவ்வட்டாரத்தில் அடிக்கடி வெளிவருவதாகும்.

மாநிலங்களின் கொள்கை வேறுபாடும் கடத்தலுக்குக் காரணமாயிற்று. ஆந்திரத்தில் 1992-இல் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்ட ஊர்ப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு இயக்கம் மாநிலம் எங்கும் பரவி, 1993-இல் சாராயத் தடைக்கும் 1995-இல் முழு மதுவிலக்கிற்கும் வழிவகுத்தது. முழு மதுவிலக்கு 1997-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. கர்நாடகத்தில் 2007 சூன் வரை சாராயம் சட்டப்படி விற்கப்பட்டது. அங்குப் பாலித்தீன் உறைகளில் அடைக்கப்பட்ட சாராயம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு ஊர்களுக்கு வந்து, "பாக்கெட் சாராயம்" எனப் பெயர் பெற்றது.

நச்சுச் சாராயம்

கள்ளச்சாராயமும் நச்சுச் சாராயமும் ஒன்றென எண்ணப்படுவது உண்டு. இரண்டுக்கும் வேறுபாடு உள்ளது. வெல்லத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் சாராயத்தில் முதன்மையாக இருப்பது எத்தனால் ஆகும். பெருந்தொகையாக உயிர்களைக் குடிக்கும் நிகழ்வுகளில் விற்கப்படுவது பெரும்பாலும் காய்ச்சிய சாராயமே அன்று. தொழிற்சாலைப் பயன்பாட்டிற்கான மெத்தனாலைத் தண்ணீரில் கலந்து சாராயம் என விற்பதாலேயே அவை நிகழ்கின்றன. மணத்தாலும் சுவையாலும் மெத்தனாலை எளிதில் பிரித்தறிய இயலாது. அது ஈரலில் பார்மால்டிகைடாகவும் பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாறி, பார்வை நரம்பைத் தாக்குகிறது. குடித்துப் பல மணிநேரம் கழித்துக் கண்மங்கல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றும். எனவே குடித்தவுடன் ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்பின் அறிகுறி அன்று. உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்து மாற்று மருந்து கொடுத்தால் உயிரையும் பார்வையையும் காக்க இயலும்.

2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் 65-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோருள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள் ஆவர். அதே மாத இறுதியில் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றங்களுக்கு வாழ்நாள் சிறை வரை தண்டனை கூட்டப்பட்டது. உரிமம் பெற்ற மலிவான மதுக்கடை இல்லாமையே ஏழைகளைக் கள்ளச்சாராயத்தை நோக்கித் தள்ளுகிறது என ஒரு சாராரும், மது எளிதில் கிடைப்பதே குடிப்பழக்கத்தை வளர்த்து இந்நிலைக்கு இட்டுச்செல்கிறது என மறு சாராரும் வாதிடுகின்றனர்.

டாஸ்மாக் மதுக்கூடம்

இன்றைய டாஸ்மாக் கடை அமைப்பில் பழைய சாராயக்கடையின் கூறுகள் பல தொடர்கின்றன. கம்பி அழியின் பின்னால் விற்பனை, நீட்டிய கைகளின் நெருக்கடி, கடையைச் சுற்றிய தின்பண்ட வணிகம் ஆகியவை மாறவில்லை. மாறியது உரிமை: கடையை அரசு நிறுவனம் நடத்துகிறது, அதனை ஒட்டிய மதுக்கூடம் தனியாருக்கு ஒப்பந்தப்புள்ளி மூலம் விடப்படுகிறது. மதுக்கூட உரிமம் பெற்றவர் மதுவை விற்க இயலாது. தின்பண்டம் விற்பதும் காலிப் புட்டிகளைச் சேகரிப்பதும் அவரது உரிமைகள் ஆகும். "பார்" என்றே வழங்கப்படும் இவை பல இடங்களில் தகரக் கொட்டகையும் நெகிழி நாற்காலிகளும் மட்டுமே கொண்டவை.

மதுவின் அளவுகளும் புதிய சொற்களைத் தந்தன. 180 மில்லிலிட்டர் புட்டி "குவாட்டர்" எனவும், 375 மில்லிலிட்டர் "ஆஃப்" எனவும், 750 மில்லிலிட்டர் "ஃபுல்" எனவும் வழங்கப்படுகின்றன. ஒரு குவாட்டரை இருவர் பங்கிட்டுக்கொள்வது "கட்டிங்" எனப்படும். முன்பின் அறியாத இருவர் கடை வாசலில் காசு சேர்த்துக் கட்டிங் வாங்குவது அன்றாடக் காட்சி ஆகும்.

நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டிடம், கல்வி நிறுவனம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை அமைத்தல் கூடாது. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றம் ஆகும். காந்தி பிறந்த நாள், திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மிலாது நபி முதலிய நாட்களில் கடைகளுக்கு விடுமுறை. 2016-இல் கடை திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணியாக மாற்றப்பட்டதுடன் 500 கடைகள் மூடப்பட்டன. 2017-இல் மேலும் 500 கடைகளும், 2023 சூன் 22 அன்று அப்போதிருந்த 5,329 கடைகளுள் 500 கடைகளும் மூடப்பட்டன. எனினும் மதுவிற்பனையால் அரசு பெறும் ஆண்டு வருவாய் 2023-24-இல் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது.

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருத்தல் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து, 2017-இல் பல கடைகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டன. இதனை எதிர்த்துத் தமிழ்நாடெங்கும் பெண்கள் மறியலில் இறங்கினர். அவ்வாண்டு ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் நடந்த மறியலில் பெண் ஒருவரைக் காவல்துறை அதிகாரி அறைந்த காட்சி பரவலான கண்டனத்துக்கு உள்ளானது. இதற்கு முன், 2015 சூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடை ஒன்றை மூடக்கோரி அலைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அவர் 1937-இல் முதன்முதலாக மதுவிலக்குக் கண்ட சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

பிற இடங்களில்

புதுச்சேரியில் சாராயக்கடைகளும் கள்ளுக்கடைகளும் சட்டப்படி இயங்குகின்றன. கலால் துறை அவற்றை ஏலத்தில் விடுகிறது. வட ஆற்காட்டில் மறைந்துபோன கடை எவ்வாறு இருந்தது என்பதை அறிய விரும்புவோர் இன்றும் அங்குக் காணலாம். கேரளத்தில் 1996-இல் சாராயம் தடை செய்யப்பட்டது, கள்ளுக்கடைகள் தொடர்கின்றன. அங்கு அவை உணவின் சுவைக்காகவும் பெயர் பெற்றவை.

இலங்கைத் தமிழரிடையே கள் விற்கும் இடம் "தவறணை" எனப்படுகிறது. பனையோலையால் செய்த "பிளா" என்னும் கலத்தில் கள் அருந்துவது யாழ்ப்பாணத்து மரபு. மலேயாவின் தோட்டங்களில் நிருவாகத்தின் இசைவுடன் நடந்த கள்ளுக்கடைகள் தமிழ்த் தொழிலாளரின் கூலியைத் தோட்டத்துக்குள்ளேயே திரும்பப் பெற்றன. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்றாகும்.

இன்றைய நிலை

வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிக்கப்பட்டது. அதன் எஞ்சிய பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் பெற்று, 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. சாராயத்தை மீண்டும் விற்க வேண்டும் என்ற கோரிக்கை பெரிதாக எழவில்லை. கள்ளை உணவுப்பொருளாகக் கருதித் தடையை நீக்க வேண்டும் என விவசாயிகளின் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கோரி வருகின்றன. 1987-ஆம் ஆண்டின் தடை இன்றும் நடைமுறையில் உள்ளது.

இவற்றையும் பார்க்க

- கள்
- பதநீர்
- மதுவிலக்கு
- டாஸ்மாக்
- வாணியம்பாடி
- தோல் பதனிடுதல்
- கள்ளுண்ணாமை